குடும்பத் திண்ணை: நடந்தால் நாடெல்லாம் உறவு



"நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். உழைப்பின் உயர்வை உணர்த்த எழுந்த பழமொழி இது. ஆயினும் இதன் முற்பாதி சொல்லுக்குச் சொல் மெய்யாகின்ற ஒரு நாட்டுப்புறம் உண்டு. அது பிரிட்டனின் நாட்டுப்புறம். சென்ற மே மாதத்தில் நாங்கள் கணவனும் மனைவியுமாக அங்கே பத்து நாட்கள் பயணம் செய்தோம். வட இங்கிலாந்தின் யார்க் நகரில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே கடலில் கிடக்கும் லிண்டிஸ்பார்ன் தீவில் முடித்தோம். நேர்வழியில் காரில் விரைந்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும் தொலைவு அது. நாங்களோ தூர வழிகளை வாடகைக் காரில் கடந்து, நாள்தோறும் நாலைந்து மைலாவது காலால் நடந்து சென்றோம்.

இலண்டன் மாநகரின் மாடமாளிகைகளைப் பற்றி எழுதுவோர் பலர். இத்திங்கள் நாங்கள் எழுத விரும்புவது அதுவன்று. இருவர் சேர்ந்து நடப்பது என்றால் என்ன என்பதை அந்நாட்டு வயல்வரப்புகளும், அவ்வழியே நமக்கு முன்னர் நடந்து சென்ற புனிதர்களும் எங்களுக்குக் கற்பித்தார்கள். இல்லறத்தில் உள்ள யாவருக்கும் அப்பாடம் பயன்படும் என்று எண்ணியே இங்குப் பகிர்ந்துகொள்ளுகிறோம்.

பிறர் நிலத்தில் நடக்கும் உரிமை

இங்கிலாந்திலும் வேல்சிலும் மக்கள் நடந்து செல்லவும் குதிரையில் செல்லவும் சட்டம் காத்துவரும் பொதுப்பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். இவற்றுள் பெரும்பாலானவை தனியார் நிலங்களின் ஊடே செல்கின்றன. ஒருவர் கோதுமை பயிரிடுகிறார். மற்றொருவர் செம்மறி வளர்க்கிறார். நிலம் அவர்களுடையது. ஆனால் அதன் குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமையோ எல்லாருக்கும் உரியது. அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வயலை உழும்போது பாதை கலைந்துபோனால், பதினான்கு நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கத் தக்கதாக்கிக் கொடுப்பது உழவரின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. விதைத்த வயலின் நடுவே, பயிர் இருபுறமும் ஒதுங்கி நிற்க, இரண்டு முழ அகலத்தில் ஒரு தடம் நேரே செல்வதைக் காண்பது எங்களுக்குப் புதுமையாய் இருந்தது.

இப்பாதைகளில் பெரும்பாலானவை உல்லாசப் பயணிகளுக்கென்று வெட்டப்பட்டவை அல்ல. உழவர் வயலுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும், குடும்பங்கள் ஞாயிறு வழிபாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து உண்டானவை. தங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இல்லாத மக்கள், இறந்தோரைத் தோளில் சுமந்து தாய்ப்பங்கிற்குக் கொண்டுசென்ற பாதைகளும் உண்டு. ஏரிகள் நிறைந்த மேற்கு மாவட்டத்தில், ரைடல் என்னும் சிற்றூரையும் கிராஸ்மியரையும் இணைக்கும் அத்தகைய சவப்பெட்டிப் பாதையில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள்.

இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. பரந்த மேட்டுப் புல்வெளிகள் பலவற்றைப் பெருநிலக்கிழார்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், மான்செஸ்டர் முதலிய தொழில் நகரங்களின் இளந்தொழிலாளர் சில நூறு பேர், கிண்டர் ஸ்கவுட் என்னும் மலைமேட்டில் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1949-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளைப் பதிவு செய்வதற்கும் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் உலவ இடமளித்தது.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கம்பம் நிற்கும். அதில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்போருக்கு. நீல அம்பு இருந்தால் குதிரையில் செல்வோருக்கும் உண்டு. அரசுக்குச் சொந்தமான நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் நிலப்படங்களில் ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு வேலியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை இருந்தும், யாரும் நடக்காத பாதையை முட்புதர் மூடிவிடுகிறது. நிலப்படத்தில் பாதை இருக்கிறது, மண்ணில் இல்லை. அப்படிப்பட்ட இடங்கள் இரண்டொன்றை நாங்களும் கண்டோம். காலடி படாத பாதையைச் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது. கணவன் மனைவிக்கிடையே உள்ள பேச்சும், குடும்ப செபமும் அத்தகையனவே அல்லவா?

காரும் காலும்

காரில் செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலா வரும் இந்தியர் தம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம். தூரமும் வேகமும் மைல் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். வட்டச் சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இவை பெரிய சாலைகளின் விதிகள்.

நாட்டுப்புறச் சந்துகளோ வேறு வகை. இருபுறமும் ஆளுயர வேலி. நடுவே ஒரு கார் மட்டும் செல்லும் அகலம். ஆங்காங்கே ஒதுங்கி நிற்கச் சிறிது இடம். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒதுங்கிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னோக்கிச் செல்கிறார். பெரிய காரா, சிறிய காரா என்று பார்ப்பதில்லை; முதலில் வந்தவர் யார் என்றும் கேட்பதில்லை. கடந்து போகிறவர் கையைச் சற்றே உயர்த்தி நன்றி காட்டுகிறார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இது நிகழ்ந்தது. ஒருமுறையாவது ஒலிப்பான் அலறக் கேட்டோமில்லை. விட்டுக்கொடுப்பவர் தோற்றவர் அல்லர், விட்டுக்கொடுக்க இடமுள்ளவர் என்பதை அச்சந்துகளில் கண்டோம்.

ஆயினும் காரில் ஒரு குறை உண்டு. இருவரும் முன்னோக்கியே பார்க்கிறோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் நிலப்படத்தை வைத்துக்கொண்டு "இடம்", "வலம்" என்று சொல்ல, நாள் முழுதும் பேசிய பேச்சு அவ்வளவில் முடிந்துவிடுகிறது. இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகே உரையாடல் தொடங்குகிறது. அதிலும் உடனே அன்று. முதல் அரைமணி நேரம் காலணியும் காற்றும் பற்றியே பேச்சு. பின்பு சிறிது மௌனம். அதன் பிறகுதான் வீட்டில் பல மாதங்களாகப் பேச நேரமின்றி ஒதுக்கி வைத்திருந்த காரியங்கள் ஒன்றொன்றாய் வெளிவருகின்றன. மணமாகிச் சென்ற மகளைப் பற்றியும், முதுமையில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றியும் நாங்கள் மனம்விட்டுப் பேசியது அந்த வரப்புகளில்தான்.

எங்களில் ஒருவர் வேகமாய் நடப்பவர். மற்றவருக்கு முழங்கால் வலி. ஒற்றையடிப் பாதையில் இருவர் இணையாக நடக்க இயலாது. மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல வேண்டும் என்பது மலைவழி நடப்போரின் பழைய வழக்கம். அவ்வாறு சென்றால் ஒருவரும் பின்தங்கி விடப்படுவதில்லை. நாங்களும் அதையே விதியாகக் கொண்டோம். பின்னே வருகிறவர் அடியெடுத்து வைக்குமுன் முன்னே செல்பவரின் அடியைப் பார்க்கிறார். எந்தக் கால் தளர்கிறது என்பதை அறிகிறார். முன்னே செல்பவருக்கோ, தம்மை யாரும் துரத்தவில்லை என்ற நிம்மதி.

வழியில் கல்மதில்கள் குறுக்கிடும் இடங்களில், ஏறி இறங்கக் கற்படிகள் அமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஒருவகைக் கதவு உண்டு. அரைவட்ட அடைப்புக்குள் ஆடும் அக்கதவின் வழியே ஒரு வேளையில் ஒருவர்தாம் நுழையலாம். ஆடுமாடுகள் நுழைய இயலாது. கதவு இருபுறத்துக் கம்பங்களையும் மெல்லத் தொட்டு நிற்பதால் அதற்கு 'முத்தக் கதவு' என்று பெயராம். முன்னே கடந்தவர் பின்னே வருபவரிடம் அப்பெயருக்குரிய சுங்கத்தைக் கேட்கலாம் என்றும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எங்கள் பயணத்தில் சுங்கம் செலுத்தப்பட்டதா என்று வாசகர்கள் வினவ வேண்டாம்!

காலணி அனுப்பிய தாய்

இனி, அவ்வழியே நடந்த புனிதர்களிடம் வருவோம். யார்க் நகரின் பழைய மதில்மேல் ஏறத்தாழ இரண்டு மைல் நடக்கலாம். மதிலுக்குள்ளே, முற்காலத்தில் இறைச்சிக் கடைகள் நிறைந்திருந்த ஷாம்பிள்ஸ் என்னும் குறுகிய தெரு இருக்கிறது. அங்கே புனித மார்கரெட் கிளித்ரோவின் நினைவாக ஒரு சிற்றாலயம் உண்டு.

மார்கரெட் இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி, 1571-இல் மணமுடித்தவர். மணமான சில ஆண்டுகளில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அரசி எலிசபெத்தின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமளிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. மார்கரெட்டின் கணவர் ஜான் அரசின் திருச்சபையிலேயே இருந்தார். எனினும் மனைவி வழிபாட்டுக்கு வராததற்காக விதிக்கப்பட்ட அபராதங்களை அவரே செலுத்தி வந்தார். மார்கரெட் பலமுறை சிறைப்பட்டார். சிறையிலேயே எழுத்தறிவு பெற்றார்.

1586-இல் அவர் கைதானபோது, நீதிமன்றத்தில் வாதாட மறுத்துவிட்டார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படுவார்கள் என்பதே அவருடைய கவலை. வாதாட மறுப்போருக்கு அக்காலத்துத் தண்டனை கொடியது: உடல்மேல் பலகையிட்டுப் பாரம் ஏற்றி நசுக்குவது. மார்ச் 25-ஆம் நாள், அன்னைக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளன்று, அவர் அவ்வாறு கொல்லப்பட்டார். அப்போது அவர் கருவுற்றிருந்ததாகக் கூறுவர்.

இறப்பதற்கு முன் இரு பொருட்களை அவர் வீட்டுக்கு அனுப்பினார். தம் தொப்பியைக் கணவருக்கு அனுப்பினார், குடும்பத் தலைவருக்குத் தாம் செலுத்தும் அன்பின் அடையாளமாக. தம் காலுறைகளையும் காலணிகளையும் பன்னிரண்டு வயது மகள் ஆனுக்கு அனுப்பினார், தம் அடிச்சுவட்டில் நடக்கும்படியாக. ஆன் பின்னர் லூவேன் நகரில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மகன்கள் ஹென்றியும் வில்லியமும் குருத்துவத்துக்குப் படிக்கச் சென்றனர். திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைசாட்சியருள் ஒருவராக மார்கரெட்டைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

ஒரே கூரையின் கீழ் இரு வழிபாடு. ஆனால் பிளவுபடாத இல்லறம். சமயம் வேறுபட்ட கணவர், தம் உடைமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மனைவியை விட்டுவிடுமாறு கண்ணீருடன் மன்றாடியதாக அவர்களை அறிந்திருந்த குருவானவர் எழுதி வைத்திருக்கிறார். நம் பங்குகளிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு யார்க் நகரின் இத்தாய் நல்ல துணை.

அந்நகரிலேயே 1686-இல் தொடங்கிய பார் கன்னியர் மடம் இருக்கிறது. இங்கிலாந்தில் தொடர்ந்து வாழ்ந்துவரும் மடங்களுள் இதுவே மிகப் பழையது. புனித மார்கரெட்டின் கரம் எனப் போற்றப்படும் திருப்பண்டம் இங்கே காக்கப்படுகிறது. அயர்லாந்தில் லொரேட்டோ கன்னியரை நிறுவிய அன்னை தெரசா பால் இம்மடத்தில்தான் பயின்றார், பயிற்சியும் பெற்றார். அந்தச் சபையினர் 1841-இல் கல்கத்தாவுக்கு வந்தனர். நம் அன்னை தெரசா 1928-இல் முதலில் சேர்ந்ததும் அச்சபையிலேயே. காலடிகள் எவ்வளவு தூரம் செல்கின்றன, பாருங்கள்!

பள்ளத்தாக்கும் புல்மேடும்

யார்க்கிலிருந்து வடக்கே ஹெல்ம்ஸ்லி என்னும் சந்தை ஊர். அங்கே காரை நிறுத்திவிட்டு மேய்ச்சல் நிலங்களின் வழியாக மூன்று மைலுக்குச் சற்று மேல் நடந்தால், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் ரீவோ துறவியர் மடத்தின் இடிபாடுகள் தோன்றுகின்றன. 1132-இல் சிஸ்டர்சியன் துறவியர் நிறுவிய மடம் அது. 1538-இல் அரசர் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மூடப்பட்டது. கூரையின் ஈயத்தையும் உருக்கி எடுத்துச் சென்றார்கள். இன்று கூரையற்ற வளைவுகளுக்கு ஊடே வானம் தெரிகிறது. பலிபீடம் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது.

1147 முதல் 1167 வரை இங்கே மடாதிபதியாய் இருந்தவர் புனித ஏல்ரெட். அவர் காலத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தனர். ஆன்மீக நட்பைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. இரு நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் கிறிஸ்து மூன்றாமவராய் இருக்கிறார் என்பது அவருடைய கருத்தின் சாரம். இறுதி ஆண்டுகளில் மூட்டு நோயால் அவர் மிகவும் வருந்தினார். கோயிலுக்கு நடக்கவும் இயலாத நாட்களில், துறவியர் அவருடைய சிறு அறையில் கூடி, கட்டிலைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். முழங்கால் வலி உள்ள எங்களில் ஒருவருக்கு இச்செய்தி பெரிய ஆறுதலாயிற்று. அவரால் நடக்க இயலாதபோது, அன்பு அவரிடம் நடந்து வந்தது.

இன்னும் வடகிழக்கே சென்றால், கடல்வரை விரிந்து கிடக்கும் புல்மேடுகள். மூர் என்று அவற்றை அழைக்கிறார்கள். மரமில்லை, காற்றும் செம்மறிகளும் ஹெதர் என்னும் குறுஞ்செடியும்தாம். இந்த மேடுகளில் முத்திப்பேறு பெற்ற நிக்கோலாஸ் போஸ்ட்கேட் என்னும் குருவானவர், மறைக்கப்பட்ட இல்லங்களைத் தேடி, பல்லாண்டுக் காலம் கால்நடையாகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். அவர் வாழ்ந்தது கூரை வேய்ந்த ஒரு சிறு குடிசையில். குழந்தை ஒன்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சென்ற இடத்தில் பிடிபட்டார். 1679-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் யார்க் நகரில் அவர் தூக்கிலிடப்பட்டபோது வயது எண்பதுக்கு மேல். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். எக்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் கத்தோலிக்க ஆலயத்தில் அவருடைய நினைவுப் பொருட்கள் இருக்கின்றன.

எண்பது வயதுக் குரு ஒருவர் மழையிலும் பனியிலும் நடந்து கொண்டுவந்த திருப்பலிக்காக, கதவை அடைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பார்த்தோம். வேறொரு சிற்றூரில் ஞாயிறு திருப்பலியில் பங்குகொண்டபோது கூடியிருந்தோர் முப்பது பேருக்குள்தான். அவர்களுள் இரு முதியவர் கைகோத்து வந்து, திருப்பலி முடிந்ததும் எங்களை நிறுத்தித் தேநீர் அருந்தாமல் போகவிடவில்லை. "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்கவில்லை, "எந்த வழியாக நடந்து வந்தீர்கள்?" என்றே கேட்டார்கள்.

குதிரையைக் கொடுத்துவிட்ட ஆயர்

வழியில் டர்ஹம் நகரில் தங்கினோம். ஆற்று வளைவின் உயரத்தில் நிற்கும் அப்பெருங்கோயில் 1093-இல் கட்டத் தொடங்கப்பட்டது. இன்று ஆங்கிலிக்கன் சபையாருடையது. அதன் ஒரு முனையில் புனித கத்பர்ட்டும், மறுமுனையில் மறைவல்லுநரான புனித பீடும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். வைக்கிங் கொள்ளையர்க்கு அஞ்சி, 875-இல் லிண்டிஸ்பார்ன் துறவியர் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டு நடந்தார்கள். அவ்வுடல் பல இடங்களில் தங்கி, 995-இல்தான் டர்ஹம் வந்து சேர்ந்தது. சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பொறுப்பை ஏற்றார்கள் என்று கொள்ள வேண்டும்.

பீட் 731-இல் எழுதி முடித்த வரலாற்று நூலினால்தான் லிண்டிஸ்பார்னின் முதல் ஆயரான புனித எய்டனை நாம் அறிகிறோம். அரசர் ஆஸ்வால்டின் அழைப்பை ஏற்று, 635-இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்தவர் அவர். ஊருக்கும் நாட்டுப்புறத்துக்கும் அவர் நடந்தே செல்வார். கட்டாயத் தேவை நேர்ந்தாலன்றிக் குதிரை ஏறமாட்டார். எதிர்ப்பட்டவர் செல்வரோ ஏழையோ, நின்று பேசுவார். குதிரைமேல் இருந்தால் எதிர்ப்பட்டவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். நடந்தால் முகத்துக்கு முகம் பேசலாம்.

ஆஸ்வின் என்னும் மற்றொரு அரசர், ஆறுகளைக் கடக்கவாவது உதவட்டும் என்று அவருக்குச் சிறந்த குதிரை ஒன்றை அரச அணிகலன்களோடு அளித்தார். சில நாட்களில் ஏழை ஒருவன் எதிரே வந்து பிச்சை கேட்டான். ஆயர் இறங்கிக் குதிரையை அணிகலன்களோடு அவனுக்குக் கொடுத்துவிட்டார். செய்தி அரசரை எட்டியது. உணவுக்குச் செல்லும் வேளையில், "ஏழைக்கு வேறு குதிரைகள் இல்லையா? உமக்கென்று தேர்ந்து கொடுத்ததையா கொடுப்பது?" என்ற பொருளில் அரசர் கடிந்துகொண்டார். குதிரைக்குட்டியைவிடக் கடவுளின் பிள்ளை உமக்கு இழிவாகிவிட்டானா என்று ஆயர் திருப்பிக் கேட்டார்.

பின்பு நடந்ததே எங்கள் மனத்தைத் தொட்டது. ஆயர் தம் இருக்கையில் அமர்ந்தார். வேட்டையிலிருந்து வந்திருந்த அரசர் நெருப்பருகே குளிர்காய்ந்தபடி சற்று நேரம் சிந்தித்து நின்றார். பிறகு உடைவாளைக் கழற்றிப் பணியாளனிடம் கொடுத்துவிட்டு, விரைந்து வந்து ஆயரின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். ஆயர் அவரை எழுப்பி உணவருந்த அமரச் செய்தார். வாளோடு பந்தியில் அமரவில்லை அந்த அரசர். எத்தனை இல்லங்களில் இருவரும் சொல் என்னும் வாளை இடுப்பில் வைத்துக்கொண்டே இராவுணவுக்கு அமருகிறோம்!

அலை காத்திராது

லிண்டிஸ்பார்னைப் புனிதத் தீவு என்றே மக்கள் அழைக்கிறார்கள். நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி அதைக் கரையிலிருந்து பிரித்துவிடுகிறது. அலை வற்றிய நேரத்தில் இரு வழிகள் திறக்கின்றன. ஒன்று 1954-இல் அமைத்த கார்ச்சாலை. மற்றொன்று, மணலில் வரிசையாய் நட்ட உயரமான கம்பங்களைப் பின்பற்றிச் செல்லும் ஏறத்தாழ மூன்று மைல் நீளமுள்ள பழைய திருப்பயணப் பாதை. கடக்கத்தக்க நேரங்களை மாவட்ட நிர்வாகம் அட்டவணையாக வெளியிடுகிறது. அதைப் பொருட்படுத்தாமல் கார்களோடு அலையில் சிக்கி மீட்கப்படுவோர் ஆண்டுதோறும் உண்டு. நடப்போருக்கென்று கம்பங்களின்மேல் ஏறி நிற்கும் அடைக்கலக் கூண்டுகளும் இருக்கின்றன. பெரிய வெள்ளியன்று சிலுவைகளைச் சுமந்துகொண்டு வெறுங்காலால் இப்பாதையில் வருகின்ற திருப்பயணிகளும் உண்டு.

எங்களில் வேகமாய் நடப்பவர் பல ஆண்டுகளாகக் கனவு கண்டது இந்த மணற்பாதையைத்தான். ஆனால் சேறும் நீரும் கலந்த மூன்று மைல் மணலை வலியுள்ள முழங்காலோடு குறித்த நேரத்துக்குள் கடக்க இயலுமா? அலை யாருக்காகவும் காத்திராது. "நீங்கள் மணலில் நடந்து வாருங்கள், நான் காரில் வந்து அக்கரையில் காத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னார். பெருந்தன்மையோடு சொன்ன சொல் அது. மற்றவர் சிறிது நேரம் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரின் கதவைத் திறந்தார். இருவரும் காரிலேயே தீவுக்குச் சென்றோம்.

புனித எய்டனும் தேவை நேர்ந்தபோது குதிரை ஏறினார் அல்லவா? நடப்பதில் புண்ணியம், காரில் செல்வதில் பாவம் என்பதன்று. உடன் வருபவரின் அடிக்கு ஏற்ப நம் அடியை அமைத்துக்கொள்வதே காரியம். தீவின் மறுமுனையில் கம்பங்கள் முடியும் இடத்துக்குச் சென்று, காலணிகளைக் கையில் பிடித்து, சேறு படிந்த கால்களோடு வந்துகொண்டிருந்த சிலரை வரவேற்றோம். தூரத்து மணல்திட்டில் கடல்நாய்கள் ஊளையிடும் ஒலி, பலர் கூடி இராகம் இழுப்பதுபோல் காற்றில் வந்தது. பின்னர் இடிந்த துறவியர் மடத்தையும், கத்பர்ட் தனித்துச் செபித்த சிறு பாறைத்தீவு தெரியும் கரையையும் மெல்ல மெல்ல நடந்து பார்த்தோம். மாலை கடல் ஏறிச் சாலையை மூடியது. வந்தவர்கள் பலர் திரும்பிவிட, நாங்கள் தீவிலேயே இராத் தங்கினோம். அமைதி என்றால் என்னவென்று அன்று அறிந்தோம்.

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்த பெற்றோரே, தம்பதியரே! இதை வாசிக்கும் எல்லாருக்கும் கடல் கடந்து செல்லப் பொருளும் வாய்ப்பும் இராது. அது தேவையுமன்று. எம்மாவுஸ் ஊருக்குச் சென்ற சீடர் இருவர் நடந்த தூரம் ஏறத்தாழ ஏழு மைல். மனம் சோர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு நடந்தார்கள். அவ்வாறு பேசி நடந்தபோதே உயிர்த்த ஆண்டவர் மூன்றாமவராய் வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் அவரை அறிந்துகொண்டது பந்தியில். ஆனால் அவர் வந்து சேர்ந்தது பாதையில்.

ஆகவே வாரத்தில் ஒரு மாலையேனும் கணவனும் மனைவியும் அரைமணி நேரம் சேர்ந்து நடவுங்கள். கைப்பேசி வீட்டில் இருக்கட்டும். மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். இயன்றவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பிள்ளைகளோடு நடந்து செல்லுங்கள். தாய் தந்தையர் கோயிலுக்கு நடந்த வழி பிள்ளைகளின் கால்களுக்கு மறப்பதில்லை. நடக்க இயலாத முதியோர் வீட்டில் இருந்தால், ஏல்ரெட்டின் துறவியரைப் போல் அவர்கள் கட்டிலைச் சுற்றி அமருங்கள். குறுகிய வழியில் எதிரெதிரே நின்றுவிட்டால், இடமுள்ளவர் பின்வாங்குங்கள்; கடந்தவர் நன்றி சொல்லுங்கள். உணவுக்கு அமருமுன் உடைவாளைக் கழற்றி வையுங்கள்.

நடக்காத பாதையை முள் மூடும் என்று கண்டோம். மூடிய பாதையையும் நாள்தோறும் இருவர் நடந்தால், சில வாரங்களில் மண் தெரியத் தொடங்கும். உங்கள் இல்லத்தில் அத்தகைய பாதை ஏதேனும் உண்டானால், இம்மாதமே முதல் அடியை எடுத்து வையுங்கள். உடன் நடக்கும் ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.